பாதி நாள் கடல்

ஓர் இரவுக்கு ஒன்றரை லட்சம் ரூபியா.
பூஜ்யங்களைப் பார்த்து மிரண்டு
பிறகு கணக்குப் போட்டால்
இரண்டு வேளை ஓட்டல் சாப்பாட்டுக் காசு.

கேய் தீவின் மேற்குக் கரை.
பலகைச் சுவர், தகரக் கூரை,
கொசுவலையில் மூன்று தையல்.
"ஏன் இவ்வளவு குறைவு?" என்றேன்.
யோசினா ரெட்டோப்
மணல் பெருக்குவதை நிறுத்தாமலே சொன்னாள்:
"பாதி நாள் கடல் இருக்காது."

கைபேசியில் மொழிபெயர்த்துப் பார்த்தேன்.
அதுவும் அதையே சொன்னது.
புரியாவிட்டால் என்ன,
வாய் சும்மா இருக்குமா?
பத்தாயிரம் குறைக்கச் சொன்னேன்.
குறைத்தாள்.
துடைப்பம் மட்டும் ஒருமுறை
தேவைக்கு மேல் வேகமாய் இழுத்தது.

மதியம் புரிந்தது.
கடன் கொடுத்தவனைத் தெருமுனையில் கண்டதுபோல்
கடல்
சத்தமில்லாமல் பின்னால் நகர்ந்தது.
படகுகள் ஒவ்வொன்றாய் ஒருக்களித்துப் படுத்தன.
நீலம் இருந்த இடமெல்லாம் மணல்,
மூன்று முறை சலித்த மைதா போல,
குதிகால் வைத்தால் முனகாமல் அமுங்கும் மணல்.
"மேத்தி" என்றாள் யோசினா,
வற்றுக்கு அவர்கள் சொல்லும் பெயர்.
வாளியை எடுத்தாள்.
ஊரே வாளியை எடுத்தது.

நான் ஊஞ்சல் வலையில் கிடந்தேன்.
ஒரு சேவல். காயும் ஒரு சிவப்புச் சட்டை.
தேவாலயத்து வாசலில் உறங்கும் நாய்.
அமைதியான கடற்கரை வேண்டுமென்றுதானே
இரண்டு விமானம் ஒரு கப்பல் மாறி வந்தேன்;
கிடைத்தது.
அமைதி என்றால்
எல்லோரும் வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று பொருள்.

தொலைவில், கடல் ஒதுங்கி நின்ற விளிம்பில்,
குனிந்த முதுகுகள்,
சிப்பி பொறுக்கும் கமா குறிகள்.

இரண்டாம் இரவு
மின்சாரம் எட்டுக்கு வந்து ஒன்பதுக்குப் போனது.
கதவு தட்டப்பட்டது.
யோசினா எதுவும் கேட்கவில்லை.
என் கட்டிலில் இன்னொரு தலையணையைப் போட்டாள்.
அவள் பின்னால் செவிலி டெல்ஃபினா,
முழங்கால் வரை சேறு, தலைமேல் பை.
படகு தட்டிப்போய் நின்ற இடத்திலிருந்து
நடந்தே வந்திருக்கிறாள்.
பக்கத்து வீட்டு மார்செலின் மனைவிக்கு
இன்னும் நேரம் இருக்கிறதாம்.

"எவ்வளவு கொடுக்கிறாய்?" என்றாள் படுத்துக்கொண்டே.
சொன்னேன்.
"என்னிடம் வாங்க மாட்டாள்.
அவள் மூன்றையும் வெளியே இழுத்தவள் நான்."
அடுத்த மூச்சில் குறட்டை.
அப்படி ஒரு குறட்டை.
அமைதிக்குக் கொடுத்த காசை
யாரிடம் திருப்பிக் கேட்பது?

மூன்று மணிக்குக் கூப்பிட்டார்கள், போனாள்.
அவள் படுத்த பக்கம் சூடு ஆறவில்லை.
இருட்டில் வாசல் கல்லருகே
சளக் சளக்கென்று ஏதோ வந்தது,
எழுந்து பார்க்காமலே தெரிந்தது, கடல்.
பலகைச் சுவருக்கு அப்பால்
மெல்லிய ஒரு கத்தல்.
முதலில் ஆட்டுக்குட்டி என்றுதான் நினைத்தேன்.

காலையில் கோடு போட்ட நோட்டு.
காப்பி நான்கு. மரவள்ளி அடை இரண்டு.
முதல் இரவு முழு வாடகை,
இரண்டாவதற்குப் பாதி.
"ஏன்?"
"பாதிக் கட்டில்தானே."
முழுவதும் நீட்டினேன்,
அந்தப் பத்தாயிரத்தையும் சேர்த்து.
எண்ணிப் பார்த்தாள்,
கூடுதலை என் சட்டைப்பையில் செருகினாள்.
"கடல் இல்லாததற்குக் குறைத்தாயிற்று,
கட்டில் இல்லாததற்கும் குறைத்தாயிற்று.
பேசாமல் இரு."

பேசாமல்தான் இருந்தேன்.
என் படகும் வற்றில் மாட்டிக்கொண்டு
பத்து மணிவரை அசையாதென்றார்கள்.
டெல்ஃபினாவும் அதற்குத்தான் காத்திருந்தாள்,
காய்ந்த சேற்றைக் காலிலிருந்து
தகடு தகடாய்ப் பெயர்த்தபடி.
"பெண்" என்றாள். "மூன்று கிலோ. கோபக்காரி."
யோசினா எங்கள் நடுவே
ஒரு கூடை மரவள்ளியும் இரண்டு கத்தியும் வைத்தாள்.

உரித்துக்கொண்டிருந்தோம்.
மார்செலின் கொடியில்
துணிகள் சின்னச் சின்னதாய் ஏறின.
தண்ணீர் எங்கே என்று நான் நிமிர்ந்தபோது
ஒருக்களித்துக் கிடந்த படகு
ஒரு விரற்கடை
முதுகை நிமிர்த்தியிருந்தது.