அரைக் குன்றிமணி

கோலக் கெட்டில் பசாரில்
சைக்கிள் டயரும் தூண்டில் முள்ளும் விற்கிற சூன் ஹுவாட்
கிளப் பெர்மிட்டை இரண்டு தடவை படித்தான்,
முத்திரையை நகத்தால் சுரண்டிப் பார்த்தான்,
பிறகுதான் உள்ளறைக்குப் போனான்.
மூன்று சாமான் கொண்டுவந்தான்.

முதலில் கரண்டிகள்.
வளையத்தில் கோத்த பதினைந்து,
பிள்ளைக்கு மருந்து புகட்டுகிற அளவில்.
"மொண்டு வழி, மொண்டு வழி. ஆறு வெள்ளி."
மருந்தைக் கடையில் கொட்டக்கூடாது,
டீத்தூளை வைத்துச் சோதித்தோம்.
மொண்டேன். வழித்தேன்.
மொண்ட வேகத்துக்கு ஒரு எடை,
தயங்கிய கைக்கு ஒரு எடை.

அடுத்தது தராசு மட்டும்.
துணுக்குத் துணுக்காய்த் தட்டிவிட்டு
முள் நடுவில் நிற்கும்வரை மூச்சை அடக்கவேண்டும்.
மின்விசிறியை நிறுத்தச் சொன்னான்.
பொய் சொல்லாது, ஆனால்
கிளப்புக்கு ஞாயிற்றுக்கிழமை இருநூறு தோட்டா.
இருநூறு மூச்சு யாரிடம் இருக்கிறது?

மூன்றாவது, இரும்பு.
மேலே கண்ணாடிக் குடுவை, நடுவே உருளை,
பக்கத்தில் திருகு, கைப்பிடி.
ஏற்று, இறக்கு, கொட்டும்.
நீட்டுத் தூள் ஒன்று உருளை விளிம்பில் மாட்டி
நறுக்கென்றது.
"அப்போ அமுக்காதே. திருப்பி ஊத்து.
அப்புறம் முதல் அஞ்சை எண்ணாதே லா,
தூள் உட்கார நேரம் வேணும்."
குடுவை பாதிக்குக் கீழே போனால்
கொட்டுவதும் குறையுமாம்.

எவ்வளவு குறையும் என்றேன்.
"அரை கிரெய்ன், ஒரு கிரெய்ன்."
ஒரு கிரெய்ன் என்றால்
என் மனைவியின் நகை தட்டிய பத்தர் கணக்கில்
அரைக் குன்றிமணி.
அதற்கா இத்தனை என்றேன்.
சூன் ஹுவாட் தன் இடது கையைக் காட்டினான்.
சுட்டுவிரல் இரண்டாம் கணுவோடு முடிந்திருந்தது.
அதற்குமேல் விலை பேசவில்லை.
எண்பத்தைந்து வெள்ளி,
கரண்டி வளையத்தைச் சும்மா கொடுத்தான்.

அன்றிரவு அலுவலகக் கோடியறையில்
ஐந்தைத் திருப்பி ஊற்றினேன்.
ஆறாவதை நிறுத்தேன், ஏழாவதை நிறுத்தேன்.
கைப்பிடி மேலே முட்டும் சத்தம்
ஒரே மாதிரி விழவேண்டும்,
என் கைதான் கோணல், இரும்பு இல்லை.
பன்னிரண்டு மணிக்குத்தான்
முள் என்னோடு சமாதானமானது.

காலையில் பால் ஸ்டோர்.
பதினெட்டு வருடமாய் இந்த மேடையில் நிற்கிறேன்.
வாளிக்குள் மெட்ரோலாக்கை விட்டால்
நுரைக்கு அடியில் தெரிவது ஒன்று,
நோட்டில் ஏறுவது ஒன்று.
மழைத் தண்ணி கலந்திருக்கும், நாளைக்குக் காயும்,
மேலே கணக்கு இடிக்கக்கூடாது என்று
அரை ராத்தல் கழிப்பேன்.
யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.
யாரும் கேட்டதும் இல்லை.

நாகரத்தினத்தின் வாளி வந்தது.
ஓரங்களை விரலால் ஒதுக்கி
நுரை அடங்கட்டும் என்று நின்றேன்.
பின்னால் வரிசை முனகியது.
"என்னாங்க கிராணி, பால்ல பூச்சியா கெடக்குது?"
இல்லை என்றேன்.
தெரிந்ததை எழுதினேன்.
அவள் நோட்டைத் தலைகீழாய் எட்டிப் பார்த்து,
என்னைப் பார்த்து,
ஒன்றும் சொல்லாமல் வாளியைக் கவிழ்த்தாள்.

அடுத்தது வீராயி. அதையும் நின்று பார்த்தேன்.
மூன்றாவது ஆள் வரும்போது
லாரி ஹாரன் அடித்துவிட்டான்.
பிறகு வந்தவற்றை எப்போதும்போல்.

ஞாயிற்றுக்கிழமை, நூறு கஜத்தில்,
ஒன்பது குண்டு ஒரு வெற்றிலை அகலத்துக்குள்.
பத்தாவது எங்கோ வெளியே, அட்டையின் மூலையில்.
"மருந்து கூடிப்போச்சா?" என்றார் ரஸ்லான்.
மருந்து சரிதான், நானே நிறுத்தது.

முதல் அஞ்சை எண்ணாதே என்றான் அவன்.
நோட்டில் அந்தப் பதினெட்டு வருடம்
மையில் இருக்கிறது,
திருப்பி ஊற்றக் குடுவை இல்லை.