வரி

லவெல் ஓடம் பிப்ரவரியில் வருவான்,
டொலீடோவில் பனி கறுத்துக் கிடக்கும் வாரத்தில்,
ஷூ பெட்டி ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.
இரண்டு பக்கமும் கடை காலி. நடுவில்
ஏப்ரல் பதினைந்து வரை மட்டும் உயிரோடிருக்கும்
என் வருமான வரி அலுவலகம்.

பள்ளியில் எனக்கு இரண்டு வகுப்பு கீழே.
முகம் நினைவில்லை. சத்தம் நினைவிருக்கிறது:
பஸ்ஸின் பின்சீட்டில் ஓயாத தாளம்.

முதல் வருடம் பெட்டியைக் கவிழ்த்தான்.
மைக் ஒன்று, தவணையில்.
ஃபோர்ட் வேனில் மோட்டல், அறுபத்து நான்கு டாலர்.
முடிவெட்டிய சீட்டு. "அது சேராது."
சவுண்டுக்காரனுக்கு வாங்கிக் கொடுத்த கோழி வறுவல்.
"அது பாதி சேரும்."
"எந்தப் பாதி?"
வரவு, ஓராண்டு முழுக்க இணையத்தில் பாடி,
நான்கு டாலர் பதினோரு சென்ட்.

தொழில் என்ற கட்டத்தில் என்ன எழுத?
"கிடங்கு," என்றான்.
இரவு ஷிப்ட். கார்க் கண்ணாடி ஏற்றி இறக்குவது.

வீட்டில் ஸ்டூடியோ உண்டா?
உண்டு. துணி அலமாரி. டேப் வைத்து அளந்து வந்திருந்தான்,
பன்னிரண்டு சதுர அடி.
குளிர்கோட்டுகளுக்கு நடுவே நின்று பாடினால்
எதிரொலிக்காதாம்.
கோட்டு தொங்கும்வரை சட்டப்படி அது
அலமாரிதான் என்றேன்.
"அப்போ கோட்டை எங்கே மாட்டுறது?" என்றான்,
போட்டிருந்ததைக் கழற்றாமலே.

நட்டம்.
அடுத்த வருடமும் நட்டம்.
அதற்கடுத்தது முதலுக்கே மோசம்,
டேட்டன் போகும் வழியில் வேனின் கியர்பாக்ஸ்.
அரசாங்கம் பொறுமையான ஆள்தான். ஆனாலும்
ஒரு நாள் கேட்கும்: இது தொழிலா, பொழுதுபோக்கா?
அதற்கு முன் நான் கேட்கவேண்டியிருந்தது.
அவன் பதில் சொல்லவில்லை.
ஷிப்ட் முடிந்து நேரே வந்தவன்.
கண்ணில் கண்ணாடித் தூள்போல் ஏதோ மினுங்கியது,
தூக்கம்தான்.

அந்தப் பெட்டியின் அடியில் ரசீதல்லாத ஒன்று:
அட்லாண்டா கம்பெனி ஒன்றின் ஒப்பந்தம்,
முப்பத்தொரு பக்கம்.
எனக்குச் சட்டம் தெரியாது, கூட்டல் தெரியும்.
பயணம் அவன் கணக்கு. விளம்பரம் அவன் கணக்கு.
படப்பிடிப்பில் எவனோ கடிக்கப்போகிற ஆப்பிள் அவன் கணக்கு.
பாட்டு மட்டும் அவர்கள் கணக்கு, என்றென்றைக்கும்.
'என்றென்றைக்கும்' பதினொரு முறை வருகிறது என்றேன்.
"பன்னிரண்டு," என்றான்.
கையெழுத்துக் கோடு வெறுமையாக இருந்தது.
முதுகுப் பக்கங்கள் நிரம்பியிருந்தன,
முப்பத்தொன்றிலும் வரிகள்.

வரி.
அவன் எழுதுவதும் அதுதான், நான் எழுதுவதும் அதுதான்.

அந்த மாதம் மளிகைக்கடை பார்க்கிங்கில்
இன்ஜினை அணைக்காமல் அவன் பாட்டைப் போட்டேன்.
இரண்டு நிமிடம் ஒன்றும் பிடிபடவில்லை,
தகரத்தில் ஆலங்கட்டி.
பிறகு விழுந்தது: ஃபோர்ட் வேன், அறுபத்து நாலு.
எனக்குத் தெரிந்த தொகை!
பால் கெட்டுப்போகும்வரை உட்கார்ந்து கேட்டேன்.
அந்த இரவு, பாட்டில், இருநூறு பேர் கைதட்டுகிறார்கள்.
ரசீதில் பத்தொன்பது டிக்கெட்.
என்னிடம் ஒரு மைல்கூடக் கூட்டி எழுதாதவன்.

இந்த பிப்ரவரியில்
அறுநூற்றுப் பதினொரு டாலர் லாபம்.
பாதிக்கு மேல் டீ-ஷர்ட். இருக்கட்டும்.
இரண்டு முறை கூட்டினேன்.
"எண்பத்தாறு டாலர் கட்டணும் நீ," என்றேன், தயங்கி.
"பாட்டுக்கா?"
"பாட்டுக்கு."
"கிடங்குக்கு இல்லையே?"
"இல்லை."

குனிந்து படிவத்தைப் பார்த்தான்.
தொழிலின் குறியீட்டு எண், ஐந்து வருடமும் நான் போட்டதுதான்,
இன்றைக்குத்தான் என்ன அது என்று கேட்டான்.
படித்தேன்: சுயேச்சையான கலைஞர்கள்,
எழுத்தாளர்கள், நிகழ்த்துவோர்.
"முதல் வருஷமே போட்டியா?"
"வேறெதைப் போட?"

என் கூலியை ஒற்றை டாலர்களாக எண்ணி வைத்தான்.
ரசீது கேட்டான்.
மடித்து,
காலிப் பெட்டியில்
அடுத்த வருடத்தின் முதல் செலவாகப் போட்டு
மூடினான்.