பத்து மோல்

அந்த வாரம் கோல்பி ஸ்வோபோடாவுக்கு
ஏற வேண்டியது ஏறவில்லை,
இறங்க வேண்டியது இறங்கவில்லை.
வேதியியலில் அறுபத்தொன்பது புள்ளி நான்கு.
எழுபது இல்லாதவன் விரிப்பில் கால்வைக்க முடியாது.
அவன் மல்லுக்கட்டும் பிரிவு நூற்று முப்பத்திரண்டு பவுண்டு.
அவனோ நூற்று முப்பத்தைந்து.

மதிய இடைவேளை. கீழே மற்றவர்கள்
பீட்சாவைப் பிய்த்துக்கொண்டிருக்க,
என் ஆய்வகத்தின் கடைசி மேசையில்
ஒரு காலிக் குப்பிக்குள் துப்பிக்கொண்டிருந்தான்.
எச்சிலுக்கும் எடை உண்டாம்.
"பாடம் என்ன ஆச்சு?" என்றேன்.
குப்பியை உயர்த்திக் காட்டினான்.
சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை.

வியாழன் மாலை பயிற்சியாளர் டெல்வெக்கியோ வந்தார்.
இளமையில் மல்லாடி நசுங்கிய காதுகள்,
கழுத்தில் விசில்.
"புள்ளி ஆறுதானே, தூக்கிவிடுங்களேன்."
"உங்கள் தராசில் புள்ளி ஆறு கூடினால்
விட்டுவிடுவார்களா?"
விசில் கயிற்றை விரலில் சுற்றினார்,
அவிழ்த்தார், மறுபடி சுற்றினார்.
"மறுதேர்வாவது வையுங்கள்."

வெள்ளி, காலை ஆறு நாற்பது.
வாகன நிறுத்தத்தில் பனி வாரும் வண்டி மட்டும்
மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டிருந்தது.
புது விரிப்புக்குப் பதினோராயிரம் டாலர் புரட்டிய ஊரில்
என் ஆய்வகத்துப் புகைக்கூண்டு
மூன்று வருடமாய் மூச்சுவிடவில்லை.
அதன் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினான்.
பட்டினி கிடப்பவன் கையெழுத்தை
அன்றுதான் பார்த்தேன்:
ஒவ்வொரு வரியும் முடிவதற்குள்
கோட்டைவிட்டுக் கீழே சரிகிறது.
அவன் வயிறு ஒருமுறை உரக்கக் கத்தியது.
இருவருக்குமே காது கேட்கவில்லை.

எட்டு மதிப்பெண் மோல் கணக்கைத் தொடவே இல்லை.
மீதியை வைத்து எழுபது புள்ளி இரண்டு.
நான் எதையும் தூக்கிவிடவில்லை.
இதை எழுதும்போதும்
ஒருமுறை கூட்டிப் பார்த்துக்கொள்கிறேன்.

சனிக்கிழமைப் போட்டி எங்கள் பள்ளியிலேயே.
வாசலில் சீட்டுக் கிழிப்பது என் முறை.
எடை பார்க்கும் அறையிலிருந்து
இரண்டு தொப்பிச் சட்டைகளை மாட்டிக்கொண்டே
ஓடிவந்தான்.
"புள்ளி நான்கு கூடுதல், மிஸ்."
அதே புள்ளி நான்கு.

மாடிப்படியில் ஏறினான், இறங்கினான், ஏறினான்.
ஏழாவது சுற்றிலோ எட்டாவதிலோ
என் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.
மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு
சீட்டுச் சுருளில் விழுந்தது.
"ஒரு மோல் தண்ணீர் பதினெட்டு கிராம்தானே?"
"ஆமாம்."
என் பேனாவைப் பிடுங்கி
நனைந்த சீட்டையே கிழித்து, பின்புறம் எழுதினான்:
புள்ளி நான்கு பவுண்டு, நூற்று எண்பத்தொன்று கிராம்,
கீழே ஒரு கோடு, பதினெட்டு.
"பத்து மோல்! பத்தே பத்து மோல் போனால் போதும்!"
பேனாவோடு ஓடிவிட்டான்.

பத்தும் போயின போலிருக்கிறது.
தராசு ஏற்றுக்கொண்டது.
ஆட்டத்தில் ஒரு புள்ளியில் தோற்றான்.
அவன் அம்மா மருத்துவமனைச் சீருடையோடு
ஓடிவந்து சேர்ந்தபோது
விரிப்பில் வேறு இரண்டு பையன்கள்.
"யார் ஜெயித்தது?" என்று என்னைக் கேட்டார்.
சீட்டுக்கு எவ்வளவு என்றும் கேட்டார்.
வேண்டாம், உள்ளே போங்கள் என்றேன்.
கணக்கில் இரண்டு சீட்டு குறைந்தது.
பத்து டாலரை என் பையிலிருந்து போட்டேன்.

அவன் படிக்கட்டின் அடியில் உட்கார்ந்து
வான்கோழி சாண்ட்விச்சைத் தின்றுகொண்டிருந்தான்,
கண்ணை மூடிக்கொண்டு,
அழுகிறானா மெல்லுகிறானா என்று
தெரியாத வேகத்தில்.

திங்கட்கிழமை, முதல் மணி அடிக்குமுன்
அந்தச் சீட்டை ஆய்வகத் தராசில் வைத்தேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.
சொட்டு விழுந்த இடம் காய்ந்து சுருங்கியிருந்தது.
எட்டு மதிப்பெண்ணுக்கு
என் ஏட்டில் இனி கட்டம் இல்லை.
ஜன்னலோரச் சூடேற்றியின் காற்றில்
கடைசி இலக்கம் மட்டும் நிற்க மறுத்தது:
மூன்று, நான்கு,
மூன்று.