பைசல்

கூத்தாநல்லூர் சார்பதிவாளர் ஆபீஸ் எதிரே
பாகப்பிரிவினை அடித்துக்கொண்டிருந்தேன்.
‘தபசில்’ என்று தட்டியதும் விரல் நின்றது.
தம்மாமில் ஆறு வருஷம் கடைப்பலகை எழுதியவன்,
எழுத்தைச் சும்மா விடமாட்டேன்.

ஃபே, ஸாத், லாம்.
மூன்று மதகுத் தூண்கள், அசையாது.
இடையில் ஓசை பாயும் வாகுக்குச்
சொல் விளையும்.
ஃபஸ்ல், பருவம். நம்ம பசலி.
இழுத்து, முன்னால் ஒரு ‘த’ கட்டினால் தஃப்ஸீல்,
இதோ இந்தத் தபசில்.
கடனைப் பைசல் பண்ணுகிறோமே, அதுவும்
இதே மடைதான்.
அடியில் கிடப்பது ஒரே வேலை: பிரிப்பது.
மூணாறு தலைப்பில்
வெண்ணாற்றுக்கு நடப்பது.

பெஞ்சின் இந்த முனையில் ஜக்கரியா,
அந்த முனையில் தங்கை ஹபீபுன்னிஷா.
நான்கெல்லை கேட்டேன்.
“வடக்கே வாய்க்கால்” என்றாள்.
தெற்கே?
கொஞ்சம் பொறுத்து,
“அண்ணன்.”

ஃபே இருந்த இடத்தில்
வாவ் வைத்துப் பார்த்தேன்.
வஸ்ல். சேர்தல்.
ஓரெழுத்துத் தூரம்.
எனக்குத் தெரிந்து அந்த வேரில்
நம்மிடம் வந்து தங்கியது வசூல்.

எழுத்துக்கூலி ஆளுக்கு நானூறு என்றேன்.
அவள் பர்ஸின் ஜிப்பு சிக்கிக்கொண்டது.
எண்ணூறாக நீட்டினார் ஜக்கரியா,
என்னைப் பார்த்தபடி.