நான்காவது திருகாணி

படகை விற்றுப் பாதிப் பாதி எடுத்துக்கொள்வதென்று
பீல் நகரத்து வக்கீல் முன்னால் ஒப்பமிட்டோம்.
வாங்க வந்த மூன்று பேரும்
ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒரு கால் வைத்தார்கள்.
தரை உள்ளே போய் மெல்லத் திரும்பி வந்தது.
எஞ்சினைப் பற்றி மரியாதைக்கு ஒரு கேள்வி,
பிறகு போய்விட்டார்கள்.

ஆகவே ஜனவரியில், இன்ஸ் கிராமத்தில்,
திருமதி ஷ்வாப்பின் செலரிக் கொட்டகையில்
சனிக்கிழமை தோறும்
தயாபரனும் நானும்.
வெளியே பனிமூட்டம்.
டிராக்டர் இருமினால்தான் அங்கே வயல் இருப்பது தெரியும்.

கம்பளத்தை உரித்தோம். பசை போகவில்லை.
வட்ட ரம்பத்தால் அறுத்துத் தரையை நிமிர்த்தியபோது
மேல்தோல் மட்டும் பலகை;
அடியில் அடுக்கடுக்காய்ப் பிரிந்து
ஈரப் புட்டாய் உதிர்ந்தது.
நெடுக்குச் சட்டத்தில் ஸ்க்ரூ டிரைவரைக் குத்திப் பார்த்தேன்.
முன்பக்கம் நல்ல மரம், தடுத்தது.
நடுவில் கைப்பிடி வரை இறங்கிற்று.

அதற்கும் கீழே நுரை.
படகு மிதக்கவென்று அடைத்தது,
பதினோரு கோடையாய் ஏரியைக் குடித்திருக்கிறது.
மண்வெட்டியால் வெட்டி, மூட்டை கட்டி,
செலரி நிறுக்கும் தராசில் ஏற்றினோம்.
நூற்றுப் பதினெட்டுக் கிலோ.
"இதையும் சேர்த்துத்தான் இழுத்துக்கொண்டு திரிந்தோமா?
எவ்வளவு பெட்ரோல் காசு!" என்றான்.
இருவருக்கும் சிரிப்பு வந்தது.
வந்த சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல்
முகமூடியை மாட்டிக்கொண்டோம்.

கண்ணாடி இழைத் தூள்
கழுத்தில், மணிக்கட்டில், காதுமடலுக்குப் பின்னால்.
குளித்தும் அரித்தது.
திங்கட்கிழமை வேலையிடத்திலும் அரித்தது.

"தண்ணீர் எதால் இறங்கினது?"
பழைய பலகைத் துண்டுகளைப் பரப்பி
கறையின் கரையோரம் பென்சில் ஓட்டினான்.
கறுப்பு, பழுப்பு, வெளிர்ப் பழுப்பு.
எல்லாம் போய்ச் சேர்ந்தது ஒரு துளையில்.
சறுக்குப் பலகைத் தாங்கியின் திருகாணி.
மூன்றைச் சுற்றி சிலிக்கோன் இருந்தது.
நான்காவதில் இல்லை.
"எங்களுக்கு விற்ற பெர்ன்காரன் பார்த்த வேலை."

அது நான் பார்த்த வேலை.
எர்லாஹ் துறையில், எங்கள் முதல் ஜூலை.
யூரா மலைப்பக்கம் மின்னியது.
குழாயில் சிலிக்கோன் தீர்ந்திருந்தது.
மழைக்கு முன்னால் இன்னும் ஒரு சுற்று என்று
இவன் எஞ்சினை முடுக்கினான்.
கழன்றதை வெறுமனே முறுக்கிவிட்டுத் தண்ணீரில் குதித்தேன்.
அன்றைக்குத்தான் முதன்முதலாக
ஒற்றைப் பலகையில் நின்றேன்.

"இருக்கும்" என்றேன்.

பிசின் இரண்டு, கடினமாக்கி ஒன்று.
கொட்டகையில் ஆறு டிகிரி, இறுகாது.
ஹீட்டரை ஓடவிட்டுக் கம்பளி போர்த்தி
புதுச் சட்டத்துக்குக் காவல் இருந்தோம்.
வெங்காயக் கேக்கோடு வந்த திருமதி ஷ்வாப்
"உங்கள் இருவருக்கும் நல்ல பொருத்தம்" என்றார்.
ஒருவரும் திருத்தவில்லை.
கேக் சூடாக இருந்தது.

மார்ச்சில் புதுத் தரை.
திருகாணி வேலையை அவனிடம் விடவில்லை.
துளையை அகலமாக்கி, பிசினால் நிரப்பி,
இறுகிய பிறகு அதற்குள் சின்னத் துளை.
நாற்பத்தாறு தடவை.
"இவ்வளவு தேவையா? விற்கத்தானே போகிறோம்."
பதில் சொல்லாமல் அடுத்ததற்கு நகர்ந்தேன்.

ஏப்ரலில் சொலத்தூர்னிலிருந்து ஓர் இளம் சோடி.
அவள் ஏறி, இரண்டு குதிகாலாலும் குதித்தாள்.
தரை கட்டையாய் ஒலித்தது.
"முன்பு பிரச்சினை இருந்ததா?"
"இருந்தது. மாற்றிவிட்டோம்" என்றான் தயாபரன்,
டிரெய்லர் கொக்கியைப் பூட்டியபடி.

"ஏதாவது மாட்ட வேண்டி வந்தால்
துளைக்குப் பிசின் வையுங்கள்," என்றேன் அவளிடம்,
"மழை வருகிறதென்றாலும்."

தயாபரன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.
பிறகு குனிந்து,
பூட்டிய கொக்கியை
இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தான்.