ஒன்றுக்கு நான்கு

"யார் பூசினது இதை?"
வந்த முதல் நாளே கேட்டாள்
பழங்கட்டடம் படித்த பிளேவியா.
சாரத்தில் எனக்கு ஒரு தட்டு மேலே நின்றாள்.
நான் உளியின் வாயை
விரலால் தடவிப் பார்த்தேன்.

நூற்றுப்பதினெட்டு வருடம்
முட்டத்துக் காற்றைத் தின்று
வேர்வையாக விட்டுக்கொண்டிருந்த சுவராம்.
சிமெண்ட் வந்து வாயைப் பொத்தியதாம்.
உள்ளே போன உப்பு
திரும்பும் வழி தெரியாமல்
கல்லையே கடித்ததாம்.
சொல்லிக்கொண்டே தட்டினாள்.
பொள்ளென்றது.
பழுத்த பலாவுக்கு அந்தச் சத்தம் நல்லது.

அன்றைக்கு சிமெண்ட் மூட்டைக்கு
ஆளும் பேருமாக வரிசை நின்றோம்.
திருவிழாக் கொடி ஏறுமுன் முடித்ததற்கு
ஒரு வேட்டி, ஒரு பொன்னாடை.
கோயில் வெயிலில்
புதுசாய்த் திறந்த பேங்க் மாதிரி மின்னியது.
வள்ளத்தில் போனவர்கள்
நான்கு பாகம் வெள்ளத்திலிருந்தே
கண் கூசுகிறது என்றார்கள்.
நான் அதைப் பாராட்டென்றே எடுத்துக்கொண்டேன்.

இடித்துவிட்டுக் கான்கிரீட்டில் கட்ட
பாதி ஊர் கை தூக்கியது.
வேண்டாம் என்றவர்களில் ஒருவர் அதிகம்.
அந்த ஒருவர் வியாகப்பன் என்றும்,
இல்லை, கப்பலிலிருந்து போனில் கை தூக்கிய
அவர் மகன் என்றும்
இன்னும் வழக்கு தீரவில்லை.

கள்ளு குடித்துத் திரும்பும் இருவர்
தோளோடு தோள் சாய்ந்து விழாமல் நிற்பார்களே,
கூர்வளைவு என்பது அவ்வளவுதான்.
ஒருவனுக்குத் தெளிந்தால்
இருவரும் விழுவார்கள்.
அதனால் வளைவுக்குக் கீழே
யாரும் சத்தமாய்ப் பேசவில்லை.

பழைய தாளை ஊறவைத்து அரைத்துச்
சுவருக்குப் பத்து போட்டோம்.
மூன்றாம் நாள் உரித்தால்
தாளெல்லாம் வெள்ளை பூத்திருந்தது.
நாக்கில் வைத்தேன். கடல்.
ஆள் உயரத்துக்குக் கீழேதான் அதிகம்.
எந்த வருடத்து உப்பு என்று அவள் கேட்கவில்லை,
நாங்களும் சொல்லவில்லை.
செர்வாசியுஸ் மட்டும் ஒரு தாளைக்
குப்பையில் போடாமல்
மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

வடக்குச் சன்னல் படியில்
ஒரு முழம் மட்டும் கொத்த வேண்டாம் என்றாள்.
தப்பும் சரித்திரம்தானாம்,
சாட்சிக்கு இருக்கட்டுமாம்.
அதில் ஒரு காகத்தின் கால்.
மூன்று விரல் முன்னே, ஒன்று பின்னே.
பூச்சு ஈரமாய் இருக்கையில் இறங்கிய சனியன்.
பக்கத்திலேயே
அதன்மேல் எறிந்த கரண்டி விழுந்த பள்ளம்.

நோட்டில் எழுதினாள்:
காகத் தடம் ஒன்று. சிமெண்ட் பூச்சு.
ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டு.
கொத்தனார் பெயர் தெரியவில்லை.

கீழே சுண்ணாம்புத் தொட்டியில்
கடுக்காய்த் தண்ணீர் ஊற்றுகிறார்கள்.
கலங்கரை வெளிச்சம் ஒரு சுற்று
எங்கள்மேல் தடவிப் போனது.

"ஒண்ணுக்கு நாலு" என்றேன்.
"ஆத்து மணலு. கடல் மணலு இல்ல.
அந்த ஆளு கலவையில களவு செய்யல்ல.
அதுனாலதான் பேத்தெடுக்க
இத்தன பாடு."

பேனா நின்றது.
அவள் சுவரைப் பார்க்கவில்லை,
என் கையைப் பார்த்தாள்.
ஒன்றுக்கு நான்கு என்று எழுதிவிட்டுப்
பெயரெழுதிய வரியில்
'தெரியவில்லை'யை மட்டும் அடித்தாள்.

"இறங்குங்கம்மா" என்றேன்,
"இருட்டுது. மூணாவது பலகை ஆடும்."