எண்பது சென்டிமீட்டர்

கட்டிலை உயர்த்தச் சொல்லிவிட்டாள் ஹில்ட்யே.
தரையிலிருந்து எண்பது சென்டிமீட்டர்,
மெத்தையின் மேல் விளிம்புவரை.
எனக்காக இல்லையாம்.
பிள்ளை பிறந்த பிறகு எட்டு நாள் வந்து
எங்களைக் கவனித்துக்கொள்ளப்போகும்
இன்னும் பெயர்கூடத் தெரியாத ஒருத்தியின்
இடுப்பு ஒடியாமல் இருக்க.
இப்போது நாற்பத்தாறுதான்.
மல்ஹாஸ் அளந்துவிட்டு
அளவுநாடாவைச் சடக்கென்று சுருளவிட்டான்.

வீட்டிலா, மருத்துவமனையிலா என்று
முதல் நாளே கேட்டாள்,
தேநீரா காபியா என்பதுபோல.
கேள்வி எனக்கு விளங்கவே ஒரு வாரம் ஆயிற்று.
அதற்குள் காப்பீட்டுக்காரர்கள் பெட்டி அனுப்பிவிட்டார்கள்:
பஞ்சு, பாலிதீன் விரிப்பு,
தொப்புள்கொடிக்கு ஒரு வெள்ளைக் கவ்வி.
திறந்து மூடிப் பார்த்தேன்.
மாவுப் பையின் வாயைக் கவ்வியிருப்பதும்
கிட்டத்தட்ட இதுதான்.

எங்கள் படிக்கட்டு ஏணிக்கு அக்கா.
அவசரமென்றால் ஸ்ட்ரெச்சர் திரும்பாதே, என்றேன்.
தீயணைப்பு வண்டி வரும், ஜன்னல் வழியாக இறக்குவோம், என்றாள்
மழை வரும் என்பதுபோல.
அன்று இரவே ஜன்னலைத் துடைத்துவைத்தேன்.

ஒன்பதாம் மாதம், டாக்டர் முகத்தையே பார்க்கவில்லை
என்றால் அம்மா நம்பவில்லை.
சுக்திதி மருத்துவமனையில் இருபத்தெட்டு வருடம்
ரசீது எழுதியவள்.
ரசீதில் எழுதாத தொகைகளும் மனப்பாடம்.
"சைக்கிளில் வருகிறவளா பிரசவம் பார்ப்பாள்?
யாருக்கு எவ்வளவு என்று விசாரித்து வை.
வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள்.
நீதான் புரிந்துகொள்ள வேண்டும்."

புரிந்துகொண்டேன்.
ஐம்பது யூரோ. வெள்ளை உறை.
மேஜைமேல் மெல்ல நகர்த்திவிட்டு
சுவரிலிருந்த கருப்பைப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
"அட, எழுதியே கொண்டுவந்துவிட்டாயா" என்று
என் கோப்பில் செருகிக்கொண்டாள்.
எவ்வளவு லாவகமாக வாங்குகிறாள், பார்!
தெருவில் நடக்கும்போது
எட்டு மாதத்தில் முதல்முறையாக உடம்பு லேசானது.
எங்கே போனாலும் உலகம் ஒன்றுதான்.

அடுத்த செவ்வாய் அந்த உறையை நீட்டினாள்.
"சியூரி, உன் பிரசவத் திட்டத்தைப் படித்தேன்.
ஐம்பது யூரோ என்று மட்டும் இருக்கிறது."

காது மடல் சுட்டது.
அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.
எனக்கும் முடியவில்லை.
உள்ளேயிருந்த ஆளுக்கு விக்கல் எடுத்தது.

பிறகு ஒரு தாளை வைத்துக்கொண்டு
இருவருமாக எழுதினோம்.
விளக்கு மங்கலாக. சரி.
மல்ஹாஸ் தலைமாட்டில் மட்டும். சரி.
மூன்றாவதற்கு என் டச்சு போதவில்லை:
வலி வந்தால் என் மொழியில்தான் கத்துவேன்,
யாரும் அவசரப்பட்டு அர்த்தம் கேட்க வேண்டாம்.

என்னவென்று கத்துவாய்?
வை, என்றேன்.
பேனாவை நிறுத்திவிட்டாள்.
இங்கே அந்த வலிக்கே பெயர் வே.
வை.
வே.
மெய் அதேதான்.
உயிர்தான் வேறு.

சனிக்கிழமை கட்டைகள் வந்தன, வாடகைக்கு.
நான்கு காலுக்கும் முட்டுக்கொடுத்தும்
ஒரு கால் ஆடியது.
மல்ஹாஸ் சுற்றுமுற்றும் பார்த்தான்.
காப்பீட்டு நிறுவனத்தின் பதினோரு பக்கக் கடிதத்தை
நாலாக மடித்து அடியில் செருகினான்.
அகராதியோடு நான் ஆறாம் பக்கம் வரை வந்திருந்தேன்.
இப்போது ஆடவில்லை.

ஏறி உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டவில்லை.
ஜன்னல் விளிம்புக்கு மேலே
இதுவரை இந்தக் கட்டிலுக்குத் தெரியாத ஐசல் ஆறு.
ஒரு சரக்குப் படகு. தளத்தில் ஒரு சிவப்புக் கார்,
கொடியில் யாருடைய துணிகளோ.
இறக்கிவிடவா, என்றான்.
இரு.
அந்தப் படகு போகட்டும்.